மடற்குழு நடத்துவது யார் வேலை?

சங்கம் தொடங்குவது எளிது, நடத்துவதுதான் அரிது. தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூன்று நாற்காலிகளுக்கும் ஆள் கிடைத்துவிடும். கூட்டக் குறிப்பேட்டை எழுதுவது யார், உறுப்பினர் பட்டியலை வைத்திருப்பது யார், வரம்பு மீறிப் பேசுகிறவரை உட்கார வைப்பது யார் என்ற கேள்விகள் எழும்போதுதான் சங்கத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பது புலப்படும். இணையத்தில் கூடிப் பேசும் சங்கங்களுக்கும் இதே கதைதான். அவற்றுள் மூத்தது மடற்குழு. 'மெயிலிங் லிஸ்ட்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் இதனை இணையத் தமிழர் மடலாடற்குழு என்றும் அழைத்து வந்திருக்கிறார்கள். ஒரு முகவரிக்கு எழுதினால் அம்மடல் உறுப்பினர் அனைவருக்கும் போய்ச் சேரும். அவ்வளவுதான் அதன் இலக்கணம்.

இதனை நடத்துவது கணிப்பொறித் துறையினரின் வேலை. வரலாறும் பொருளியலும் தமிழும் படிக்கிற நமக்கு அதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. அவ்வெண்ணம் தவறு என்பதே என் வாதம். மென்பொருளைச் சேவையகத்தில் நிறுவுவது ஓரிரு நாள் வேலை. அதைக் கணிப்பொறி அறிந்தவர் செய்து கொடுக்கட்டும். அதன்பின் வரும் முடிவுகள் அனைத்தும் சங்க விதிகளை வகுக்கும் முடிவுகள். அவற்றைத் தனியொருவர் நள்ளிரவில் பொத்தானை அழுத்தி முடிவு செய்வது, பொதுக்குழுவைக் கூட்டாமலே சட்டதிட்டங்களைத் திருத்துவதற்கு ஒப்பாகும்.

இவ்வகை மென்பொருளின் வரலாற்றில் மாணவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1980-களில் பல்கலைக்கழகங்களை இணைத்த 'பிட்நெட்' என்ற வலையமைப்பில், பட்டியலில் சேர விரும்புகிறவர் அதைப் பேணுகிற மனிதருக்கு எழுதிக் கேட்கவேண்டும். அவர் கையால் பெயரைச் சேர்ப்பார். அவர் விடுப்பில் போனால் காத்திருக்க வேண்டியதுதான். 1986-ஆம் ஆண்டில் பாரிசில் மாணவராக இருந்த எரிக் தாமா என்பவர் 'லிஸ்ட்செர்வ்' என்ற மென்பொருளை எழுதி இந்தக் கைவேலையைக் கணிப்பொறியிடமே ஒப்படைத்தார். 1992-இல் பிரென்ட் சாப்மன் எழுதிய 'மேஜர்டோமோ' வந்தது. 1990-களின் பிற்பகுதியில் ஜான் வீகா தொடங்கி, பின்னர் பாரி வார்சா நெடுங்காலம் முன்னின்று வளர்த்த 'மெயில்மன்' வந்தது. இது கட்டற்ற மென்பொருள். எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். எல்லாவற்றையும் இணையப் பக்கத்திலேயே பெட்டிகளை நிரப்பி மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதியே இதைப் பரப்பியது. மெயில்மன் 2.1 பதிப்பு 2002-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது, 3.0 பதிப்பு 2015-இல் வந்தது. 2.1 பதிப்பு நம்பியிருந்த பைத்தான் 2 மொழிக்கான ஆதரவு 2020 சனவரி முதல் நாளோடு முடிந்துவிட்டது. ஆகவே புதிதாகத் தொடங்குவோர் 3-ஐத்தான் நாடவேண்டும். எனினும் நீண்டகாலம் உலகெங்கும் ஓடிய 2.1-இன் அமைப்புகளில்தான் நாம் கற்கவேண்டிய பாடங்கள் பளிச்சென்று தெரிகின்றன என்பதால், எடுத்துக்காட்டுகளை அதிலிருந்தே தருகிறேன்.

பதில் யாருக்கு?

முதற் சண்டை எப்போதும் இங்கேதான் தொடங்கும். குழுவிலிருந்து வந்த மடலுக்கு ஒருவர் 'பதில்' பொத்தானை அழுத்துகிறார். அப்பதில் எழுதியவருக்கு மட்டும் போகவேண்டுமா, குழு முழுமைக்கும் போகவேண்டுமா? மெயில்மனில் இதற்கென ஓர் அமைப்பு இருக்கிறது. எழுதியவருக்கே போகட்டும் என்பதே பெரும்பாலான குழுக்களுக்கு ஏற்றது என்று நிர்வாகப் பக்கமே அழுத்திப் பரிந்துரைக்கிறது. இதன்மேல் நடந்த வாதங்கள் கொஞ்சமல்ல. பதில் முகவரியைக் குழுவின் பக்கம் திருப்பிவிடுவது தீங்கு என்று சிப் ரோசன்தால் ஒரு கட்டுரை எழுதினார். அது பயனுள்ளதே என்று சைமன் ஹில் எதிர்க்கட்டுரை எழுதினார். பட்டிமன்றத்துக்கு ஏற்ற தலைப்பு!

என் தீர்ப்பு முதலாமவர் பக்கம். காரணம் எளியது. எல்லார்க்கும் போகவேண்டிய பதில் ஒருவருக்கு மட்டும் போய்விட்டால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். ஒரு நிமிடம் நட்டம். ஒருவருக்கு மட்டும் எழுதிய பதில் முந்நூறு பேருக்குப் போய்விட்டால் அதைத் திரும்பப் பெற வழியே இல்லை. கல்விக் கட்டணம் கட்ட முடியாத நிலையை ஆசிரியருக்கு எழுதும் மாணவியின் மடலை எண்ணிப் பாருங்கள். அது ஊருக்கே போய்விட்டால் எந்த மன்னிப்புக் கடிதம் அதைத் துடைக்கும்? இதனால் குழுவில் கலகலப்பு குறையும் என்பது உண்மை. கைபேசியில் படிப்போர் கைக்கு எட்டிய பொத்தானைத்தான் தட்டுவார்கள்; பாதி விவாதம் தனிமடல்களில் கரைந்துபோகும். அந்த விலையைக் கொடுக்கலாம் என்கிறேன். வேறு விதமாகக் கருதுவோர் இருக்கலாம். ஆனால் அதை எல்லாரும் பேசி முடிவு செய்ததாக இருக்கவேண்டும்.

தமிழுக்கு மட்டும் சின்னப் பை

அடுத்து வருவது எவரும் கவனியாத ஓர் எண். ஒரு மடல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு மெயில்மன் 2.1 வைத்திருக்கும் தொடக்க வரம்பு 40 கிலோபைட். அதற்கு மேற்பட்டால் மடல் நிறுத்தி வைக்கப்பட்டு, மட்டுறுத்துநரின் ஒப்புதலுக்குக் காத்துக் கிடக்கும். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இது தாராளமான இடம். ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் ஏறக்குறைய நாற்பதாயிரம் எழுத்துகள் எழுதலாம். தமிழின் நிலை என்ன? யூனிக்கோடு முறையில், இன்று வழக்கமாகப் பயன்படும் யுடிஎஃப்-8 வடிவில், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் தேவை. 'கி' என்ற எழுத்தில் ககரத்துக்கு மூன்று, இகரக் கொக்கிக்கு மூன்று, ஆக ஆறு. இதோடு நிற்கவில்லை. பழைய அஞ்சல் வழிகளில் பழுதின்றிப் போய்ச் சேரும்பொருட்டு, மடலை அனுப்பும் செயலி அந்தப் பைட்டுகளை எளிய ஆங்கில எழுத்துகளாக மாற்றிக் கட்டுகிறது. 'பேஸ்64' என்ற முறையில் கட்டினால் அளவு மேலும் மூன்றில் ஒரு பங்கு கூடும். 'கோட்டட் பிரின்டபிள்' என்ற முறையில் கட்டினால் ஒவ்வொரு பைட்டும் மூன்றாகும். அதாவது ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது பைட்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பதாயிரம் எழுத்துகள் கொள்ளும் பையில் தமிழுக்கு முதல் முறையில் ஏறத்தாழப் பத்தாயிரம் குறிகளும், இரண்டாம் முறையில் நாலாயிரத்து ஐந்நூறு குறிகளுந்தாம் கொள்ளும். போதாக்குறைக்குப் பல செயலிகள் அதே மடலை வெறும் எழுத்தாக ஒருமுறையும், வண்ணமும் தடிப்பும் சேர்த்த வடிவில் மறுமுறையும் அனுப்புகின்றன. ஆக, நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையை ஒரு மடலாக அனுப்பினால் அது வாயிற்படியிலேயே தடுக்கப்படும். இதே நீளமுள்ள ஆங்கிலக் கட்டுரையோ தடையின்றி உள்ளே போய்விடும். இதில் எவருடைய வஞ்சமும் இல்லை. எண்ணை எழுதியவரின் முன்னே ஆங்கிலம் இருந்தது, நாம் இல்லை. பல மடல்களைச் சேர்த்து ஒரே கட்டாக அனுப்பும் தொகுப்பு மடலுக்குள்ள 30 கிலோபைட் எல்லையும் இப்படித்தான். ஆங்கிலக் குழுவுக்கு நாளொன்றுக்கு ஒரு தொகுப்பு போதும் என்றால், தமிழ்க் குழுவுக்கு அதே அளவு பேச்சுக்கு மூன்று நான்கு வந்து குவியும். 'தொகுப்பு என்றீர்களே, இது என்ன தொல்லை' என்று உறுப்பினர் விலகிப் போவார்.

தீர்வு? நிர்வாகப் பக்கத்தில் 40 என்பதை அழித்து 200 என்று எழுதவேண்டும். பத்து விநாடி வேலை. ஆனால் அவ்வேலை தேவை என்று உணர்வதற்குக் கணிப்பொறி அறிவைவிடத் தமிழில் எழுதும் பழக்கமே வேண்டும். நம் மாதிரிக் கல்லூரி மாணவர்கள் ஏன் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இயந்திரம் பேசும் மொழி

மடற்குழு மென்பொருள் நாள்தோறும் மனிதரோடு பேசுகிறது. புதியவரை வரவேற்கிறது, மடல் நிறுத்தி வைக்கப்பட்டதை அறிவிக்கிறது, விலகியவருக்கு விடைகொடுக்கிறது. மெயில்மன் 2.1 முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பேசக் கற்றிருந்தது. பாஸ்கு மொழிக்கும் எஸ்பெராந்தோவுக்கும் அதில் இடமிருந்தது, தமிழுக்கு இல்லை. மொழிபெயர்ப்பை எவர் செய்து கொடுத்தாரோ அவர் மொழி சேர்ந்தது. தராதவர் மொழி சேரவில்லை. குறை யாருடையது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இந்த அறிவிப்புகள் யாவும் எளிய எழுத்துக் கோப்புகள்தாம். திறந்து, தமிழில் எழுதி, உரிய இடத்தில் வைத்தால் போதும். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மென்பொருளோடு வந்த மூலக் கோப்பில் கை வைக்கக்கூடாது. குழுவுக்கென்று தனி அடைவு இருக்கிறது. அதில் நம் கோப்பை வைத்தால் மென்பொருள் முதலில் அங்கேதான் தேடும். அங்கே இல்லாவிட்டால்தான் பொதுக் கோப்புக்குப் போகும. மூலத்தையே திருத்துகிறவர், அடுத்த பதிப்பை நிறுவும் நாளில் தம் உழைப்பெல்லாம் அழிந்துபோவதைக் காண்பார். பொது அமைப்புகளுக்கும் இதே முறைதான்: 'டிஃபால்ட்ஸ்' என்ற கோப்பு மென்பொருளுக்குச் சொந்தம்; மாற்ற விரும்புவதை அதற்கென ஒதுக்கிய உள்ளூர்க் கோப்பில்தான் எழுதவேண்டும். தமிழையும், அதன் எழுத்துமுறை யுடிஎஃப்-8 என்பதையும் அறிவிக்கவேண்டிய இடமும் அந்த உள்ளூர்க் கோப்பே. அறிவிக்காமல் ஆங்கிலக் குழுவாகவே விட்டால், பழைய ஆஸ்கி எழுத்துகளை மட்டும் எதிர்பார்க்கும் இடத்தில் நம் தமிழ் சிதைந்துபோக நேரும். இரண்டாவது எச்சரிக்கை: விழுக்காட்டுக் குறியோடு அடைப்புக்குள் வரும் சில ஆங்கிலச் சொற்களை மொழிபெயர்க்கக்கூடாது. குழுவின் பெயர், உறுப்பினர் முகவரி முதலியவற்றை இயந்திரம் அவ்விடத்தில் தானே இட்டு நிரப்பும்.

மற்றதெல்லாம் தமிழ்த்துறையின் வேலை. 'உறுப்பினர் அல்லாதவர் உறுப்பினர்க்கு மட்டுமான பட்டியலில் இட்ட மடல் மட்டுறுத்துநரின் ஒப்புதலுக்காக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அறுபது வயதுப் பழைய மாணவர் ஒருவர் காவல் நிலையத்திலிருந்து ஓலை வந்ததாக எண்ணிக்கொள்வார். 'தங்கள் மடல் வந்து சேர்ந்தது. தாங்கள் இன்னும் குழுவில் சேராததால், பொறுப்பாளர் ஒருவர் பார்த்தபின் எல்லார்க்கும் அனுப்புவார்' என்று எழுதினால் அவரே மறுநாள் உறுப்பினராவார். மட்டுறுத்துநர் என்ற சொல்லே எனக்குச் சற்று அச்சமூட்டுகிறது, பொறுப்பாளர் போதாதா?

அலங்காரத்துக்கு ஒரு விலை

பொறுப்பேற்ற புதிதில் எல்லார்க்கும் ஓர் ஆசை வரும். மடலின் தலைப்பில் குழுவின் பெயரைச் சதுர அடைப்புக்குள் சேர்க்கலாம். அடியில் கல்லூரிப் பெயரும் பொன்மொழியும் சேர்க்கலாம். மென்பொருள் மறுக்காது. ஆனால் 2014 ஏப்ரலில் நடந்ததை அறிந்தால் அந்த ஆசை குறையும்.

பொய் முகவரியில் வரும் மடல்களைத் தடுக்க, அஞ்சல் நிறுவனங்கள் 'டிமார்க்' என்ற ஏற்பாட்டைச் செய்துகொண்டன. எங்கள் பெயரில் வரும் மடல் எங்கள் வழியாக வரவில்லை என்றால், எங்கள் மின் கையொப்பமும் அதில் சரியாக இல்லை என்றால், அதை ஏற்காதீர் என்று ஒரு நிறுவனம் உலகுக்கு அறிவிக்கலாம். அவ்வாண்டு ஏப்ரலில் யாகூ அவ்வாறு அறிவித்தது. ஏஓஎல் நிறுவனமும் பின்தொடர்ந்தது. மடற்குழு என்பது ஒருவர் மடலை வாங்கி மற்றவர்க்குத் தன் சேவையகத்திலிருந்து அனுப்புவது. ஆகவே முதல் சோதனையில் அது தேறாது. தலைப்பிலும் அடியிலும் சொற்களைச் சேர்த்துவிட்டால் கையொப்பமும் பொருந்தாது. யாகூ உறுப்பினர் ஒருவர் எழுதினார் என்றால், மற்ற நிறுவனங்களின் வாயில்களில் அம்மடல் மறுக்கப்பட்டுத் திரும்பியது.

வேடிக்கை இனிமேல்தான். திரும்பி வரும் மடல்களை மெயில்மன் எண்ணிக்கொண்டே வரும். உறுப்பினர் ஒருவரின் கணக்கில் ஐந்து புள்ளி சேர்ந்துவிட்டால், அவர் முகவரி செத்துப்போனது என்று கருதி அவருக்கு மடல் அனுப்புவதை நிறுத்திவிடும். எழுதியவர் யாகூக்காரர், தண்டனை பெற்றவரோ ஒரு பாவமும் அறியாத ஜிமெயில்காரர்! பல குழுக்களில் உறுப்பினர்கள் காரணம் தெரியாமலே காணாமற் போனார்கள். அவ்வாண்டிலேயே வந்த 2.1.18 பதிப்பில், இத்தகைய மடல்களை 'இன்னார், குழு வழியாக' என்று குழுவின் முகவரியிலிருந்தே அனுப்பும் வழி சேர்க்கப்பட்டது. மற்றொரு வழியும் உண்டு: தலைப்பையும் அடியையும் தொடாமல் விடுவது. தொடாத மடலில் கையொப்பம் சிதைவதில்லை. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் பெருமளவில் மடல் அனுப்புவோர்க்கு விதிகளை மேலும் இறுக்கியுள்ள நிலையில், பொன்மொழியை வகுப்பறைக் கரும்பலகைக்கே விட்டுவிடலாம். உறுப்பினர் விலகும் வழியை எங்கே சொல்வது என்று கேட்கலாம். 1998-லேயே அதற்கென மடலின் மறைதலைப்பில் ஓர் இடம் வகுத்துவிட்டார்கள். பல அஞ்சல் செயலிகள் அதைப் படித்துத் தாமே ஒரு பொத்தானைக் காட்டுகின்றன.

ஏடு யார் கையில்?

இவ்வளவு தொல்லை ஏன், கைபேசிக் குழு இருக்கிறதே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. வகுப்பு இன்று உண்டா இல்லையா என்று கேட்கக் கைபேசிக் குழு போதும். ஆனால் மூன்றாண்டுக்கு முன் நம் துறைக் கருத்தரங்கில் எந்தத் தலைப்பில் பேசினார்கள், அதற்கு யார் மறுப்பு எழுதினார்கள் என்று தேடினால் புதிதாகச் சேர்ந்த மாணவருக்கு அங்கே என்ன கிடைக்கும்? மடற்குழுவின் பெருமை அதன் பழைய ஏடுகளில் இருக்கிறது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில், நேரில் கூடி எடுத்த முடிவைக்கூட மடற்குழுவில் வைத்து உறுதி செய்தாக வேண்டும் என்பது நடைமுறை. கூட்டத்துக்கு வரப் பணமில்லாதவரும் எழுத்தால் பங்கேற்கலாம். பேசியது ஏட்டில் நிற்கும். தமிழிலும் இதற்கு மரபு உண்டு. 1995-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழுவில் கூடியவர்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் ஒருவரையொருவர் நேரில் காணாமலே, மின்மடல் வழியாகவே பழந்தமிழ் நூல்களைப் பகிர்ந்துகொண்டு தட்டச்சு செய்தார்கள். இன்று நாம் தேர்வுக்காகப் பதிவிறக்கும் நூல்களில் எத்தனை அந்தக் கைகள் அடித்தவை!

பின்னர் என்ன ஆயிற்று? இலவசமாகக் கிடைத்த யாகூ குழுமங்களில் தமிழர் குடியேறினர். அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று எத்தனையோ குழுக்கள் அங்கே வளர்ந்தன. 2019 அக்டோபரில் அந்நிறுவனம் பழைய மடல்களையெல்லாம் நீக்கப்போவதாக அறிவித்தது. சில மாத அவகாசம். 2020 டிசம்பர் 15-இல் கடையையே மூடிவிட்டது. எவரேனும் படியெடுத்து வைத்தவை பிழைத்தன, மற்றவை போயின. வாடகை வீட்டில் குலதெய்வக் கோயில் கட்டியது போலத்தான்.

சொந்தமாக நடத்தும் மெயில்மன் 2.1-இல் குழுவின் எல்லா மடல்களும் வரிசையாக ஒரே எழுத்துக் கோப்பில் சேர்ந்துகொண்டே வரும். மாதம் ஒருமுறை அதைப் படியெடுத்துத் துறை நூலகத்தில் வைத்தால் எந்த நிறுவனமும் நம் ஏட்டைக் கொளுத்த முடியாது. அந்த ஏடு ஊரார் படிக்கத்தக்கதா, உறுப்பினர் மட்டும் படிக்கத்தக்கதா என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். தொடக்க அமைப்பு, எல்லார்க்கும் திறந்ததாக வைத்திருக்கிறது. நம்மிடையே பேசுகிறோம் என்று நம்பி எழுதியவரின் சொற்களை ஐந்தாண்டு கழித்து உலகுக்குத் திறந்துவிடுவது துரோகம்.

உறுப்பினர் பட்டியலை யார் பார்க்கலாம் என்பதற்கும் ஓர் அமைப்பு உண்டு. உறுப்பினர் எல்லாரும் பார்க்கலாம் என்பது தொடக்க நிலை. நிர்வாகி மட்டும் என்று மாற்றிவிடலாம். கைபேசிக் குழுவில் சேரும் மாணவியின் எண் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர் கைக்கும் போய்விடுகிறது என்பதை நினைத்தால் இந்தச் சிறிய பெட்டியின் அருமை விளங்கும். மறவாமல் இன்னொன்று: 2.1 பதிப்பு ஒவ்வொரு மாதமும் முதல் நாளில் உறுப்பினரின் கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே மடலில் எழுதி நினைவூட்டும். எந்தக் காலத்து வெகுளித்தனமோ! அதை நிறுத்த வழி இருக்கிறது, நிறுத்திவிட வேண்டும்.

இனிச் செய்யவேண்டியது பொறுப்புகளைப் பிரிப்பது. மெயில்மனில் நிர்வாகிக்கு ஒரு கடவுச்சொல், பொறுப்பாளருக்கு வேறொரு கடவுச்சொல். பின்னவர், நிறுத்தி வைத்த மடல்களைப் பார்த்து விடலாம், தள்ளலாம்; அமைப்புகளை மாற்ற அவருக்கு உரிமை இல்லை. நம் போன்ற கல்லூரியில் எவரும் மூன்றாண்டுக்கு மேல் தங்குவதில்லை என்பதால், நிர்வாகி முகவரிப் பெட்டியில் வரிக்கு ஒன்றாக மூன்று முகவரிகள் இருக்கவேண்டும்: மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், ஆசிரியர் ஒருவர். ஒவ்வோர் ஆண்டும் தேர்வு விடுமுறைக்கு முன் முதல் வரியை நீக்கி, புதியவர் ஒருவரை எழுதி, இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றி, என்னென்ன அமைப்புகள் ஏன் மாற்றப்பட்டன என்று துறைக் குறிப்பேட்டில் தேதியோடு ஒரு பக்கம் எழுதி வைக்கவேண்டும்.